காலுறைக்குப் போகும் தூரம்

மலையாறுகளின் மேல்
பதினோரு பாலங்கள் போட்டவன் நான்.
எழுபத்தொன்பது வயதில்
என் கைக்கும் கால் விரலுக்கும் நடுவே
ஒன்று போட முடியவில்லை.
குனிந்தால்
யாரைக் கேட்டுக் குனிந்தாய் என்கிறது முதுகு.

சூரியகாந்தி எண்ணெய் வந்த பிளாஸ்டிக் குடுவையை
நீளவாக்கில் அரிந்து
இரண்டு நாடா கட்டினேன்.
காலுறையை அதன்மேல் ஏற்றித் தரையில் வைத்து
காலை நுழைத்து
நாடாவை இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.
வரைபடத்துக்கு நாற்பது நிமிடம்.
வேலைக்கு நான்கு நொடி.
இடது கால் முடிந்ததும்
வலது காலுறையைக் காணவில்லை.
அரைமணி தேடினேன்.
தோளில் கிடந்தது.

திபிலீசியில் எங்கள் கட்டட லிஃப்டுக்கு
காசு போட்டால்தான் உயிர் வரும்.
நான் எட்டாவது மாடி.
மரத்துப்போன விரலுக்கு
இருபது தெத்ரி நாணயம் மீன் செதில்;
நழுவினால், குனிவதா படியேறுவதா
எந்த நரகம் வேண்டும் என்று கேட்கும்.
ஐஸ்பெட்டிக் கதவிலிருந்த காந்தத்தைப் பெயர்த்து
கைத்தடி நுனியில் ஒட்டினேன்.
துள்ளி வந்து ஒட்டியது காசு.
அன்று மாலை
வேண்டுமென்றே ஆறு முறை கீழே போட்டேன்.
இப்போது தடி போகுமிடமெல்லாம்
ஆணி, ஊக்கு, யாருடையதோ ஒரு சாவி
எல்லாம் என்னோடு வீட்டுக்கு வருகின்றன.

ஏழாம் மாடி சியாலாவுக்கு
ஜாடி மூடிகளோடு தீராத வழக்கு.
முப்பது வருடம்
ஊரார் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய கை அது.
ஊறுகாய் ஜாடி மசியாவிட்டால் முதலில் திட்டுவாள்,
பிறகு வெந்நீரில் முக்குவாள்,
அதற்கும் மேலே போனால்
வெப்பக் குழாயில் கரண்டியால் மூன்று தட்டு.
நான் இறங்குவேன்.
கரண்டிக் காம்பை மூடிக்கடியில் கொடுத்து நெம்பினால்
டப்பென்று காற்று உள்ளே போகும்.
இது பலம் இல்லை, பௌதிகம் என்பேன்.
வாயை மூடி அண்ணாந்து பார் என்பாள்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து.
நானே விட்டுக்கொண்டால்
மீசைக்குத்தான் பார்வை தெளியும்.
அவள் கையும் நடுங்கும்.
ஆனால் ஒரு நடுக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையில்
சின்னதாய் ஒரு சும்மா இருக்கிறது.
அது வரும்வரை காத்திருப்பாள்.
அதற்கு மாற்றாக ஒரு கருவி செய்யப் பார்த்தேன்,
வரவில்லை.

குராம் இறந்த வியாழக்கிழமை
சட்டைப் பொத்தானுக்குக் கம்பிக் கொக்கி செய்தேன்.
ஐந்து பொத்தான் பூட்டியது.
கழுத்துப் பொத்தானுக்கு என் தாடையே தடை.
குழாயில் இந்த முறை
மேலிருந்து மூன்று தட்டு.

அவள் காசுதான் போட்டோம்.
ஐந்துக்கும் நான்குக்கும் நடுவே
லிஃப்ட் நின்றுவிட்டது.
கையில் ஆறு கார்னேஷன்;
சாவுக்கு இரட்டைப்படையில்தான் பூ.
அபாயப் பொத்தானில் எழுத்து தேய்ந்திருந்தது,
தேயாதிருந்தாலும் படித்திருக்க முடியாது:
இவள் கொண்டுவந்திருப்பாள் என்று நானும்
இவன் கொண்டுவந்திருப்பான் என்று அவளும்
கண்ணாடியை மறந்திருந்தோம்.
தடியால் கதவை ஓங்கித் தட்டினேன்.
காந்தம் இரும்பில் ஒட்டிக்கொண்டது.
இருவரும் இழுத்தோம். வரவில்லை.

நேரமாகிறதே என்றேன்.
குராம் எங்கேயும் போய்விட மாட்டான் என்றாள்.
சிரிக்கக் கூடாத நாளில்
மூச்சு முட்டச் சிரித்தோம்.
எங்கோ கீழே யாரோ, யார் அங்கே என்றார்கள்.
நாங்கள்தான் என்று கத்தினோம்,
அது ஏதோ விலாசம் மாதிரி.

சிரித்து ஓய்ந்து குனிந்தவள்
உன் காலுறை, ஒன்று கறுப்பு ஒன்று நீலம் என்றாள்.

நானும் பார்த்தேன்.
இவ்வளவு உயரத்திலிருந்து
இரண்டும் ஒரே நிறம்தான்.